குவாண்டமும் பகடைதானே, உருட்டினால் போதாதா?

கேள்வி: கோப்பி ஓ கொசோங், பிப்ரவரி 9

குவாண்டம் உலகமே நிகழ்தகவில்தான் ஓடுகிறது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அப்படியானால் சாதாரணக் கணினியில் ரேண்டம் எண்களைப் போட்டு உருட்டி எந்தக் குவாண்டம் அமைப்பையும் போலச் செய்துவிடலாமே? இதற்கு ஏன் தனியாக ஒரு குவாண்டம் கணினி, அதற்குக் கோடிக்கணக்கில் வெள்ளி (டாலர்)? தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகள் கேட்டாள், முழித்தேன். மாண்டி கார்லோ என்கிறார்களே, அது இதுதானா?

பிப்ரவரி 9, இரவு 11.20

கேள்வி நல்ல கேள்வி, ஆனால் அதில் இரண்டு பகடைகள் கலந்து கிடக்கின்றன. எலக்ட்ரானை அளந்தால் எங்கே அகப்படும் என்பது ஒரு தற்செயல், அது இயற்கையுடையது. மாண்டி கார்லோவில் நாம் உருட்டுவது வேறு. ஒரு பிரம்மாண்டமான கூட்டலை முழுக்கக் கூட்டி முடிக்க வழியில்லாதபோது, முக்கியமான உறுப்புகளை மட்டும் அள்ளி எடுத்துச் சராசரி பார்க்கிற கணக்குத் தந்திரம் அது. இரண்டும் பெயரளவில்தான் சொந்தம்.

வரலாறும் அப்படித்தான். 1946இல் கணிதவியலாளர் உலாம் உடம்பு தேறி வரும் நாள்களில் சாலிட்டேர் ஆடிக்கொண்டிருந்தார். ஜெயிக்க என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், சிக்கலாகிக்கொண்டே போனது. பேசாமல் நூறு ஆட்டம் ஆடி எத்தனை ஜெயித்தோம் என்று எண்ணிவிடலாமே என்று தோன்றியதாம். அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸில் முதலில் அதைப் பயன்படுத்தியது நியூட்ரான்கள் எப்படிப் பரவும் என்று பார்க்க. குவாண்டம் கணக்குக்கு வந்தது பிறகுதான்.

கூட்டல் எவ்வளவு பெரிது என்று மகளுக்குக் காட்டுங்கள். ஒரு ஸ்பினுக்கு (துகளின் குட்டிக் காந்தம் என்று வையுங்கள்) மேலே, கீழே என்று இரண்டே நிலை. 30 ஸ்பின் சேர்ந்தால் சுமார் 107 கோடி எண்கள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட் வைத்தால் 16 ஜிகாபைட். நல்ல மடிக்கணினி தாங்கும். 40 ஸ்பின் என்றால் 16 டெராபைட். 50 என்றால் 16 பெட்டாபைட். ஒரு ஸ்பின் கூடினால் இரட்டிப்பு, அவ்வளவுதான் கதை. ஒரு துண்டு காந்தத்தில் எத்தனை ஸ்பின் இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

பிப்ரவரி 10, காலை, புவன விஸ்தாவில் ரயில் மாறும்போது

நேற்று விட்டுப்போன முக்கிய விஷயம். பகடை உருட்ட ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எடை வேண்டும், அந்த எடை பூஜ்யமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குவாண்டம் அலைவீச்சுகள், அதாவது அளவை வர்க்கித்தால் நிகழ்தகவு தருகிற எண்கள், எதிர்க்குறியிலும் வரும், சிக்கலெண்ணாகவும் வரும். மைனஸ் 30 விழுக்காடு மழை வாய்ப்பு என்று எந்த வானிலை அறிக்கையும் சொல்லாது. ஆக, கேள்வி குவாண்டமா இல்லையா என்பதில் இல்லை. கணக்கை எப்படியாவது திருப்பி எழுதி எல்லா எடையையும் நேர்க்குறியில் கொண்டுவர முடியுமா, முடியாதா? முடிந்தால் மாண்டி கார்லோ ராஜா. முடியாவிட்டால் பிச்சைதான்.

பிப்ரவரி 10, இரவு

எப்படித் திருப்பி எழுதுவது? ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் நேரத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிப் போட்டால் அது பரவல் சமன்பாடு போல ஆகிவிடுகிறது, தண்ணீரில் மை பரவுவதற்கு எழுதுகிற அதே வடிவம். இதை ஃபெர்மி கவனித்துச் சொன்னதாக மெட்ரோபோலிஸும் உலாமும் 1949 கட்டுரையில் எழுதினார்கள். பரவல் என்றால் சீரற்ற நடை, சீரற்ற நடை என்றால் உருட்டலாம்.

வெப்பநிலை உள்ள அமைப்புக்கு ஃபைன்மன் பாதைகள். ஒரு துகளை ஒரு புள்ளியாக வைக்காமல் மணிகள் கோத்த வளையமாக வைக்கிறோம். ஒவ்வொரு மணியும் கற்பனை நேரத்தில் ஒரு கணம், அடுத்தடுத்த மணிகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங். சூடாக்கினால் வளையம் சுருங்கிப் புள்ளியாகும், அதுதான் நமக்குப் பழக்கமான நியூட்டன் துகள். குளிரவைத்தால் வளையம் விரியும். அந்த விரிவுதான் பாடத்தில் வரும் நிச்சயமின்மை. ஸ்பின்களுக்கு இதே வேலையை 1976இல் சுசுகி செய்தார்: ஒரு பரிமாணம் கூடுதலாகக் கொடுங்கள், குவாண்டம் அமைப்பைச் சாதாரண அமைப்பாக மாற்றித் தருகிறேன் என்று.

மகள் செய்து பார்க்கச் சரியான இடம் ஒற்றை அலையியற்றி, ஸ்பிரிங்கில் கட்டிய ஒரு துகள். நிறை, அதிர்வெண், பிளாங்க் மாறிலி எல்லாம் 1 என்று வையுங்கள், தலைகீழ் வெப்பநிலை (1-ஐ வெப்பநிலையால் வகுத்தது) 10. இடத்தின் வர்க்கச் சராசரி சரியாக வந்தால் 0.5 (ஐந்தாம் தசமத்தில் ஒரு துளி கூடும், விடுங்கள்). ஒரே மணி போட்டால் 0.1 வரும். 10 மணி போட்டால் 0.447. 20 மணிக்கு 0.485. 100 மணிக்கு 0.4994. ஒன்றிலிருந்து நூறுக்குப் போகும்போது நியூட்டன் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் குவாண்டம் உள்ளே வருவது எண்ணிலேயே தெரியும். மேற்படிப்பு நாள்களில் இதை முதலில் ஓட்டியபோது எனக்கு வந்த சந்தோஷம் அப்புறம் பெரிய கணக்குகளில் வரவில்லை.

பிப்ரவரி 12

"ஒரே மணிக்கு 0.1 எங்கிருந்து வந்தது" என்று ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒருவர். ஒரே மணி என்றால் பழைய வெப்ப இயக்கவியல்தான், விடை வெப்பநிலையே. தலைகீழ் வெப்பநிலை 10 என்றால் வெப்பநிலை 0.1.

இன்னொருவர் ஜிபியு வாடகைக்கு எடுக்கவா என்கிறார். வேண்டவே வேண்டாம், பைத்தானில் முப்பது நாற்பது வரி. ஒரு மணியைத் தேர்ந்தெடு, கொஞ்சம் தள்ளு, செயலின் (ஸ்பிரிங் நீட்சியும் ஆற்றலும் சேர்ந்த கூட்டுத்தொகை) மதிப்பு குறைந்தால் ஏற்றுக்கொள், கூடினால் எவ்வளவு கூடியதோ அதற்கேற்ற நிகழ்தகவில் ஏற்றுக்கொள், இல்லையென்றால் பழைய இடத்திலேயே வை. பழைய இடத்தில் வைத்தாலும் அதையும் ஒரு மாதிரியாக எண்ண வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 1953 கட்டுரையின் முறை இது. மெட்ரோபோலிஸ் பெயர்தான் நிலைத்தது, ஐந்து பேர் எழுதிய கட்டுரை. லாஸ் அலமோஸின் அன்றைய கணினியான மேனியாக்குக்கு நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத். அகரவரிசையில் மெ முன்னால் வந்ததால் வந்த புகழ் என்று எங்கள் குழுவில் கிண்டல் செய்வோம்.

பிப்ரவரி 12, அரை மணி கழித்து

பிழை அளவைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் பிழை குறையும், பாதியாக்க நான்கு மடங்கு ஓட்ட வேண்டும். அதுவும் மாதிரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான். 100 மணி வளையத்தில் ஒரு மணியை மட்டும் நகர்த்தினால் இரு பக்கத்து மணிகளும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வளையம் மொத்தமாக இடம்பெயர யுகமாகும். பத்து லட்சம் மாதிரி எடுத்தேன் என்பீர்கள், உள்ளுக்குள் சில ஆயிரம்தான் தேறும். கணினி மட்டும் பத்து லட்சத்துக்கான பிழையைக் காட்டிப் புன்னகைக்கும். மாதிரிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள், கட்டின் நீளத்தை இரட்டித்துக்கொண்டே போங்கள், பிழை அளவு ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கும். நிற்கிற இடம்தான் உண்மையான பிழை. நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் ஓட்டவேண்டும் என்று அர்த்தம்.

பிப்ரவரி 15

சரி, பிச்சை எங்கே என்று பார்ப்போம். எதிரெதிராக நிற்க விரும்பும் ஸ்பின்களைச் சதுரக் கட்டத்தில் வையுங்கள். இரண்டு அண்டை ஸ்பின்கள் இடம் மாறும்போதெல்லாம் எடையில் ஒரு மைனஸ் பெருக்கப்படுகிறது. கற்பனை நேரத்தின் முடிவில் எல்லாம் தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டும், சதுரக் கட்டத்தில் அப்படித் திரும்ப இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் மாற்றங்கள் தேவை. மைனஸெல்லாம் ஜோடி ஜோடியாக அடிபட்டுப்போகும். எடை நேர்க்குறி, ஜாலி.

இப்போது மூன்று ஸ்பினை முக்கோணத்தில் வையுங்கள். இரண்டு மேலே, ஒன்று கீழே. அந்தக் கீழ் ஸ்பின் முதல் மூலையிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு, மறுபடி முதல் மூலைக்கு. மூன்றே மாற்றத்தில் வீடு வந்து சேர்ந்துவிட்டது. மூன்று மைனஸ் பெருக்கினால் மைனஸ். தாளில் போட்டுப் பாருங்கள், மூன்று ஸ்பினிலேயே பகடை உடைந்துவிடும்.

எலக்ட்ரானுக்கு முக்கோணம்கூடத் தேவையில்லை. இரண்டு எலக்ட்ரான் இடம் மாறினாலே ஒரு மைனஸ்.

"மைனஸைத் தனியாக எடுத்துவைத்து, எடையின் அளவை மட்டும் வைத்து உருட்டி, கடைசியில் குறியைப் பெருக்கிக்கொள்ளலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கடைசியில் குறியின் சராசரியால் வகுக்க வேண்டும், அந்தச் சராசரியோ துகள் எண்ணிக்கையும் குளிரும் கூடக் கூட அடுக்குக்குறியில் சரிகிறது. சராசரி குறி 0.1 என்றால் 100 மடங்கு மாதிரி தேவை. அமைப்பை இரட்டித்தால் குறி 0.01, மாதிரி 10,000 மடங்கு. இன்னொருமுறை இரட்டித்தால் 0.0001, மாதிரி 10 கோடி மடங்கு. ஓட்டுநரின் கைக்கடிகாரம் எத்தனை கிராம் என்று தெரிய, கடிகாரத்தோடு ஒருமுறை, கடிகாரம் இல்லாமல் ஒருமுறை லாரியை எடைமேடையில் ஏற்றுகிற வேலை இது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து, மிஞ்சுகிற துளியில் இயற்பியலைத் தேடுகிறோம்.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஆளாளுக்கு "அப்போ எலக்ட்ரானுக்கு மாண்டி கார்லோ செத்தது, குவாண்டம் கணினிதான் கதி" என்று முடிவுகட்டிவிட்டீர்கள். அவசரம் வேண்டாம்.

முதலில், இந்த மைனஸ் தொல்லை, அதாவது குறி சிக்கல், இயற்கையில் கிடப்பதில்லை, நாம் கணக்கை எழுதுகிற விதத்தில் கிடக்கிறது. அடிப்படை நிலைகளை வேறு விதமாகத் தேர்ந்தெடுத்தால் மறையலாம். அமைப்பின் ஆற்றல் நிலைகளையே அடிப்படையாக எடுத்தால் கண்டிப்பாக மறையும், ஆனால் அவற்றைக் கண்டுபிடிப்பதுதானே மொத்தக் கணக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மருந்து கிடைக்குமா என்றால், 2005இல் டிராயரும் வீஸாவும் காட்டியது இது: அப்படி ஒரு பொதுத்தீர்வு என்பி-கடினமான (வேகமான வழி இருப்பதாக யாருக்கும் தெரியாத) கணக்குகளையெல்லாம் ஊதித் தள்ளுவதற்குச் சமம். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் குறிப்பிட்ட ஓர் அமைப்புக்குத் தனி மருந்து இருப்பதை அது தடுக்கவில்லை, இது பலருக்கும் மறந்துபோகிறது.

எடுத்துக்காட்டு ஹப்பர்டு மாதிரி, கட்டத்தில் இடம்விட்டு இடம் தாவி ஒன்றை ஒன்று தள்ளும் எலக்ட்ரான்களின் எளிய வடிவம். சதுரக் கட்டத்தில் இடத்துக்கு ஓர் எலக்ட்ரான் என்று சரியாக நிரம்பியிருந்தால் மேல் ஸ்பினுக்கான அணிக்கோவையும் கீழ் ஸ்பினுக்கான அணிக்கோவையும் ஒரே குறியில் வரும், பெருக்கினால் நேர்க்குறி. எலக்ட்ரான்கள்தான், ஆனாலும் சிக்கல் இல்லை. அதிலிருந்து சில எலக்ட்ரானை எடுங்கள், குறி விழுந்துவிடும். உயர்வெப்ப மீக்கடத்திகளின் புதிர் அந்தச் சில எலக்ட்ரானை எடுத்த பகுதியில் உட்கார்ந்திருப்பது இந்தத் துறையின் துரதிர்ஷ்டம்.

அப்புறம் குறுக்குவழி. அலைச்சார்பு எங்கே பூஜ்யமாகிக் குறி மாறுகிறதோ அந்த எல்லையை முன்கூட்டியே ஊகித்து, சீரற்ற நடை நடப்பவர் அதைத் தாண்டக்கூடாது என்று வேலி போடுவது. ஜேம்ஸ் ஆண்டர்சன் 1970களின் நடுவில் செய்தார். விடை கொஞ்சம் தப்பாகும், ஆனால் அடிநிலை ஆற்றல் எப்போதும் உண்மைக்கு மேலேதான் வரும், கீழே போகாது. இதை வைத்து சேப்பர்லியும் ஆல்டரும் 1980இல் எலக்ட்ரான் வாயுவின் ஆற்றலைக் கணக்கிட்டார்கள், ஒரு படி மேலே போய் வேலியைத் திறந்துவிட்டும் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு பெர்டியூவும் ஜங்கரும் அந்த எண்களுக்கு ஒரு சூத்திரம் பொருத்தினார்கள். இன்றைக்கு மின்கலப் பொருளுக்கோ வினையூக்கிக்கோ டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றல் கணக்கிடும் முறை) ஓட்டுகிற மென்பொருள்களின் அடித்தளத்தில் அந்த 1980 பகடை இருக்கிறது. ஓட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

பிப்ரவரி 18

"மாண்டி கார்லோவின் வெற்றி ஒன்றைச் சொல்லுங்கள்" என்றால் ஹீலியம்-4 என்பேன், யோசிக்கவே மாட்டேன். அது போசான், இடம் மாறினால் பிளஸ். 2.17 கெல்வினுக்குக் கீழே உராய்வே இல்லாமல் பாய்கிறது, ஏன்? வளைய மொழியில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சூட்டில் ஒவ்வோர் அணுவும் தன் வளையத்தைத் தானே மூடிக்கொள்கிறது. குளிரக் குளிர வளையங்கள் பெரிதாகி ஒன்றை ஒன்று தொடும், ஓர் அணுவின் நூல் அடுத்த அணுவில் போய் முடியும், அது இன்னொன்றில். நீண்ட மாலைகள் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கே சுற்றிக்கொள்ளும். எத்தனை சுற்று என்று எண்ணினால் மீப்பாய்மத்தின் பங்கு கிடைக்கும். இது போலக்கும் சேப்பர்லியும் 1987இல் செய்தது.

ஒரே ஒரு நியூட்ரான் குறைந்தால் ஹீலியம்-3. ஃபெர்மியான், மைனஸ். அதுவும் மீப்பாய்மமாகிறது, ஆனால் கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குக் குளிர வேண்டும், நம் பகடை அங்கே போய்ச் சேராது.

பிப்ரவரி 21

கதை திசைமாறிப்போகிறது, பரவாயில்லை. "சிங்கப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டவருக்கு: 2007இல் கென்ட் ரிட்ஜில் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. ஸ்பின்களை ஒவ்வொன்றாகப் புரட்டாமல் கூட்டம் கூட்டமாகப் புரட்டுகிற ஸ்வென்ட்சன்–வாங் முறை, 1987. அதில் வருகிற வாங் ஜியான்-ஷெங் பின்னாளில் இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் இயற்பியல் பேராசிரியர். வளையத்தை ஒரு மணி ஒரு மணியாக நகர்த்தினால் யுகமாகும் என்று 12ஆம் தேதி புலம்பினேனே, அதே நோய்க்கு ஸ்பின் உலகில் வந்த மருந்து அது. குவாண்டம் ஸ்பின்களுக்கான வளைய முறைகளும் அதே வம்சம்.

கூட்டம் கூட்டமாகப் புரட்டும் முறையில்தான் 1992இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஃபெரென்பெர்க், லாண்டாவ், வோங் மூவரும் விடை தெரிந்த ஐசிங் மாதிரியை (காந்தத்தின் எளிய வடிவம்) ஓட்டினார்கள். உயர்தரம் என்று பெயரெடுத்த ரேண்டம் எண் இயற்றி தப்பான விடை தந்தது, மட்டம் என்று ஒதுக்கப்பட்ட பழைய இயற்றி அதைவிடச் சரியாகத் தந்தது. எண்களுக்குள் ஒளிந்திருந்த தொடர்பு அந்த முறையோடு மட்டும் ஒத்துப்போய்க் குட்டையைக் குழப்பியது. விடை தெரிந்த கணக்கை முதலில் ஓட்டுங்கள் என்று நான் கழுத்தறுப்பது இதனால்தான்.

நான் முன்பிருந்த ஒரு குழுவில் நடந்தது இதைவிட மோசம். நூற்றுக்கணக்கான வேலைகளை இரவோடு இரவாகப் பொதுக் கணினித் தொகுதியில் ஏற்றினார் ஒருவர். காலையில் பார்த்தால் பிழை அளவு அழகாகச் சுருங்கியிருந்தது, கொண்டாட்டம். எல்லா வேலைக்கும் ஒரே விதை எண், அதாவது ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண். ஒரே விடையை நூற்றுக்கணக்கான தரம் நகலெடுத்திருக்கிறது இயந்திரம். அப்புறம் பிழை அளவு சுருங்காமல் என்ன செய்யும்?

இப்போது நான் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வங்கிக்குப் பகடை உருட்டுகிறேன். பங்கு விலைப் பாதைகள், அதே பரவல் சமன்பாடு. சம்பளம் நன்று. குறி சிக்கல் கிடையாது, நஷ்டத்துக்கு மட்டும்தான் மைனஸ்.

பிப்ரவரி 22

கொசோங் அண்ணே, உங்கள் மூலக்கேள்வியின் இரண்டாம் பாதி, பணம் ஏன் என்பது. இதில் நான் நடுவில் நிற்கிறேன். 2019இல் கூகுள் 53 கியூபிட்டில் (குவாண்டம் கணினியின் பிட்) 200 விநாடியில் முடித்த வேலைக்கு மீக்கணினிக்கு 10,000 ஆண்டு ஆகும் என்றது. பிறகு வழக்கமான கணினிக்காரர்கள் டென்சர் வலைப்பின்னல்களை (பெரிய எண் பட்டியலைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கோக்கும் முறை) வைத்து அந்த இடைவெளியை வெகுவாகச் சுருக்கினார்கள். 2023இல் ஐபிஎம் 127 கியூபிட்டில் ஒரு காந்த மாதிரியை ஓட்டிக்காட்டியது, சில வாரங்களிலேயே அதையும் சாதாரணக் கணினியில் போட்டுவிட்டார்கள். இரண்டிலும் ஜெயித்தது என் பகடை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அது வேறு குடும்பம்.

ஆனால் ஓரிடத்தில் பகடை சுத்தமாகக் கையைத் தூக்கிவிடும்: உண்மையான நேரம். மேலே சொன்னதெல்லாம் கற்பனை நேரத்தில், அதாவது அடிநிலையும் வெப்பச் சமநிலையும். ஓர் அமைப்பைத் திடீரென்று உலுக்கிவிட்டு அடுத்த நொடியில் என்ன செய்கிறது என்று கேட்டால் எடைகள் சிக்கலெண்ணாகிச் சுழலும், குறி சிக்கலின் அண்ணன் அது. குவாண்டம் கணினிக்குக் கொடுக்கிற காசு ஒருநாள் வசூலாகும் என்றால் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஹீலியம் போன்ற சமநிலைக் கணக்குக்கு அதைக் கேட்பவரிடம் நான் பர்ஸைத் திறக்கமாட்டேன்.

பிப்ரவரி 25

மகள் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். கெட்டிக்காரப் பெண், வளையத்தின் கடைசி மணியை முதல் மணியோடு சரியாக இணைத்திருக்கிறாள், பலர் கோட்டைவிடும் இடம். இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, தள்ளும் தூரம். 100 மணி போட்டால் ஒரு மணி தன் இரு அண்டைகளுக்கு நடுவில் ஏறக்குறைய 0.22 அகலத்துக்குள்தான் ஆடும். அவள் 3 வரை தள்ளிப்பார்க்கிறாள், அதனால் பெரும்பாலான முயற்சி தள்ளுபடியாகி ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது. 0.4 அளவுக்குக் குறைத்தால் பாதிக்கு மேலேயே ஏற்கப்படும்.

இரண்டு, "மணி கூட்டக் கூட்ட ஆற்றல் தாறுமாறாகத் துள்ளுகிறது" என்கிறாளே, நிரலில் பிழை இல்லை. இயக்க ஆற்றலை ஸ்பிரிங் நீட்சியிலிருந்து எடுக்கிறாள். அது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம், மணி கூடினால் இரைச்சலும் கூடும். அதற்குப் பதில் விசையையும் இடத்தையும் பெருக்கிப் பாதியாக்கும் விரியல் வழியில் எடுக்கட்டும். அலையியற்றிக்கு அது இன்னும் எளிது, மொத்த ஆற்றலே இடத்தின் வர்க்கச் சராசரியாகிவிடும், ஏற்கெனவே எடுத்துவைத்த எண்தான். 100 மணிக்கு 0.4994 பக்கம் வந்து, கட்டு கட்டிப் பார்த்த பிழை அளவுக்குள் அடங்கினால் அடுத்து இரட்டைப்பள்ள ஆற்றலுக்குப் போகலாம். அதற்கு முன் விதை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு வரை நான் ஜொகூரில் இருப்பேன், திங்கள் இரவு பார்க்கிறேன்.